பென்சில் படாத பக்கம்

அந்தப் பக்கத்தில் பென்சில் பட்ட தடமே இல்லை. இதைப் பார்த்து மூன்று மாதம் ஆகிறது. பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது. பிரெட் ஈஸ்டன் எல்லிஸின் ‘லெஸ் தேன் ஜீரோ’. கல்லூரி நாட்களில் திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலை நடைபாதையில் பேரம் பேசி வாங்கிய பிரதி. முதுகில் பசை விட்டுப்போய்விட்டது. தாளின் ஓரம் தொட்டால் பொடியாக உதிர்கிறது. அந்த வயதில் கையில் பென்சில் இல்லாமல் எனக்கு எதையும் படிக்க வராது. படிப்பதைவிடப் படித்ததற்குச் சாட்சி விட்டுப்போவது முக்கியமாக இருந்திருக்கும். நாவலின் முதல் வரியிலேயே கோடு: விமான நிலையத்திலிருந்து அழைத்துப்போகும் பெண், லாஸ் ஏஞ்சலிஸ் நெடுஞ்சாலைகளில் ஒரு வண்டியோடு இன்னொரு வண்டி கலக்கவே ஜனங்கள் பயப்படுகிறார்கள் என்று போகிறபோக்கில் சொல்கிறாள். அப்புறம் சன்செட் சாலையில், பார்க்கிறவனை அப்படியே மறைந்துபோகச் சொல்லும் விளம்பரப் பலகை. அது வரும் இடங்களில் இரட்டைக் கோடு, ஓரத்தில் ஓர் உடுக்குறி வேறு. பனை மரங்கள், பாலைவனத்திலிருந்து வீசும் வெப்பக் காற்று, யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் எம்.டி.வி. என்று வரிசையாகக் கோடு கிழித்திருக்கிறேன். நாவலின் கடைசிப் பகுதியில் ஓர் இடம் வருகிறது. ரிப் என்பவனின் வீட்டு அறையில் 12 வயதுச் சிறுமி ஒருத்தியைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். நண்பர்கள் உள்ளே போகிறார்கள். அந்தப் பக்கமும் அதற்கு அடுத்த பக்கமும் அச்சகத்திலிருந்து வந்தபடியே இருக்கின்றன.

மறந்துபோனது அதைவிட மோசம். இந்த நாவலைப் பற்றி யாராவது கேட்டால் இருபது வருஷமாகப் பேசிக்கொண்டு வந்திருக்கிறேன். விளம்பரப் பலகையைச் சொல்வேன். பெவர்லி ஹில்ஸ் பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரி வெயிலில் காய்ந்த உடம்போடும் வெளிறிய முடியோடும் இருப்பதைச் சொல்வேன். கார் மோதிச் செத்துக்கொண்டிருக்கும், ஓநாய் மாதிரியான கயோட்டியைச் சொல்வேன். சந்தில் கிடக்கும் பிணத்தைக் கண்காட்சிக்குப் போவது போல இளைஞர்கள் கூட்டமாகப் போய்ப் பார்ப்பதைக்கூடச் சொல்வேன். சிறுமி என் பேச்சில் வந்ததே இல்லை. மறைத்தேன் என்றால் பரவாயில்லை. வரவேயில்லை.

இதற்கு ஒரு சுலபமான விளக்கம் உண்டு. அதைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அப்போது நாங்கள் இருந்த வாடகை வீட்டில் குழாயில் தண்ணீர் வராது. லாரி வரும் நேரம் யாருக்கும் தெரியாது என்பதால் குடங்களை முந்தின இரவே வரிசையில் வைத்துவிட்டு, நம்முடையதை எவரும் நகர்த்தாமல் பார்த்துக்கொள்ள ஆள் உட்கார வேண்டும். வீட்டில் அந்த ஆள் நான்தான். நீல நிறத்தில் விளக்கு எரியும் நீச்சல் குளங்களைப் பற்றி, யாரும் இறங்கிக் குளிக்காமல் சும்மா மினுங்கிக்கொண்டிருக்கும் அத்தனை தண்ணீரைப் பற்றி, பிளாஸ்டிக் குடங்களின் நடுவே தெருவிளக்கில் உட்கார்ந்து படித்தேன். அருவருப்பு வந்ததா? வந்தது என்றுதான் நண்பர்களிடம் சொன்னேன். உண்மையில் வந்தது பொறாமை. இந்த வகை நாவல்கள் ஏழை வாசகனுக்கு ஒரே விலையில் இரண்டு சரக்கு தருகின்றன. பணக்காரன் வீட்டுக்குள் நுழைந்து சோபாவில் சாய்ந்துகொள்ளலாம். எழுந்து வரும்போது ‘சே, இதெல்லாம் ஒரு வாழ்க்கையா’ என்று துப்பிவிட்டும் வரலாம். துப்புவதற்கு முன்னால் எவ்வளவு நேரம் சாய்ந்திருந்தோம் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. என் பென்சில் பார்த்து வைத்திருக்கிறது.

அந்தப் பக்கத்துக்குத் திரும்புகிறேன். கதைசொல்லி கிளே, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் வந்திருக்கும் கல்லூரி மாணவன், அந்த அறையில் இருக்கப் பிடிக்காமல் வெளியே வருகிறான். ஏன் என்று கேட்கிறான் ரிப். கிளேக்கு வார்த்தை வரவில்லை. இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்து, இது சரியென்று தனக்குப் படவில்லை என்கிற பொருளில் எதையோ முனகுகிறான். சரி தப்பு என்கிற பேச்சை அவன் வாயெடுத்துச் சொல்லும் இடம் நாவல் முழுவதிலும் அனேகமாக இது ஒன்றுதான். அதுவும் திக்கித் திக்கி. ரிப்புக்கோ திக்கல் ஏதும் இல்லை. வேண்டியதை எடுத்துக்கொள்ள உரிமை உண்டு என்கிறான். உனக்குத்தான் எல்லாம் இருக்கிறதே என்று கிளே மடக்க, இழப்பதற்கு ஒன்றும் இல்லை, அதுதான் தன்னிடம் இல்லாதது என்கிற மாதிரி பதில் வருகிறது. விமர்சகர்கள் எல்லோரும் வந்து நிற்கும் பதில் அது. ஒரு தலைமுறையின் வெறுமை ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டது என்பார்கள். இப்போது படிக்கும்போது அது எனக்கு ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனம் போலக் கேட்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை இருக்கும்போது, இந்தப் பக்கம் இரண்டு பையன்கள் நின்று தங்களுக்கு என்ன இல்லை என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேச்சு முழுக்க அவர்களைப் பற்றியது. பிறகு கிளே கிளம்பிப் போகிறான். போலீசுக்குப் போவதில்லை, கதவைத் திறந்துவிடுவதில்லை. நாவல் அவன் பின்னாலேயே வெளியே வந்துவிடுகிறது. நானும் அவன் பின்னால்தான் வந்திருக்கிறேன். திரும்பிப் பார்த்ததாக நினைவில்லை.

நாவல் 1985-இல் வந்தபோது எல்லிஸுக்கு 21 வயது. வெர்மான்ட் மாநிலத்தின் பென்னிங்டன் கல்லூரியில் மாணவர். லாஸ் ஏஞ்சலிஸில் வளர்ந்த பையன், நில வியாபாரம் செய்தவரின் மகன். தான் பார்த்த வீடுகளைத்தான் எழுதினார். குட்டிக் குட்டித் துண்டுகளாக, நிகழ்காலத்தில், குரலை ஏற்றாமல் இறக்காமல் எழுதப்பட்ட நாவல். நம் ஊர்ப் பேச்சில் இதற்குக் கச்சிதமான சொல் இருக்கிறது: விட்டேத்தி. ‘சாப்பிட்டியா?’ ‘ம்.’ ‘என்ன சாப்பிட்டே?’ ‘என்னவோ.’ இந்தத் தொனியில் இருநூறு பக்கம். எழுத்தாளர் தீர்ப்புச் சொல்லவில்லை, அந்த மௌனமே தீர்ப்பு என்று அதற்கு ஆதரவாகச் சொல்வார்கள். நானும் மேடையில் ஒருமுறை சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். இப்போது சந்தேகம் வருகிறது. காரணம், நாவலுக்குள்ளேயே சாய்வெழுத்தில் வரும் சில பகுதிகள். பாம் ஸ்பிரிங்ஸ் வீடு, அங்கே கழிந்த பழைய விடுமுறைகள், புற்றுநோயில் போய்க்கொண்டிருந்த பாட்டி. அங்கே வாக்கியம் இறந்தகாலத்துக்கு மாறுகிறது, கொஞ்சம் நீள்கிறது, குரலில் ஈரம் ஏறுகிறது. ஆக, இந்தக் கைக்குத் துக்கத்தை எழுதத் தெரியும். தெரிந்தே ஒருத்திக்குக் கொடுத்து இன்னொருத்திக்குக் கொடுக்கவில்லை. கிளே அப்படிப்பட்டவன், தன் பாட்டிக்கு மட்டும் அழக்கூடியவன் என்று காட்டத்தான் அப்படி எழுதினார் என்று வாதிடலாம். நல்ல வாதம்தான். ஆனால் அதை ஏற்றுக்கொண்டால், என் பென்சிலும் அப்படிப்பட்டதுதான் என்றல்லவா ஆகிறது.

சலிப்பு என்ற சொல்லைக் கொஞ்ச நாளாகப் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். மனசு சலித்துப்போகிறது என்கிறோம். மாவைச் சலிக்கிறோம் என்கிறோம். இரண்டும் ஒரே வேரா என்று சொல்லாராய்ச்சி செய்யும் தகுதி எனக்கில்லை. ஆனால் அம்மா புட்டுக்கு மாவு சலிக்கும்போது நேர்த்தியானது கீழே விழுந்துவிடும், கப்பி மேலே நிற்கும். சலித்துப்போன மனசிலும் ஏதோ ஒன்று தங்குகிறது, ஏதோ ஒன்று விழுந்துவிடுகிறது. என் சல்லடையில் விளம்பரப் பலகையும் நீச்சல் குளமும் தங்கின. இத்தாலிய எழுத்தாளர் ஆல்பெர்ட்டோ மொராவியா 1960-இல் சலிப்பையே தலைப்பாக வைத்து ஒரு நாவல் எழுதினார். அதில் வரும் பணக்கார ஓவியன், சலிப்பைக் குளிர்கால இரவில் எட்டாத போர்வைக்கு ஒப்பிடுகிறான். காலுக்கு இழுத்தால் நெஞ்சு குளிர்கிறது, நெஞ்சுக்கு இழுத்தால் கால். எங்கள் வீட்டில் அண்ணனும் நானும் ஒரே போர்வைக்குள் படுத்தவர்கள் என்பதால் இந்த உவமையை நான் வேறு விதமாகப் படித்தேன். போர்வை எட்டாதபோது ஒருவன் இழுத்தால் குளிர்வது பக்கத்தில் படுத்திருப்பவனுக்கு. மொராவியாவின் ஓவியன் தனியாகப் படுத்திருக்கிறான். அவனுடைய குளிர் மட்டும்தான் அவனுக்குத் தெரியும்.

என்றாலும் சலிப்பை எழுதியவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் மொராவியாதான். அது இந்த நாவலுக்காக இல்லை, 1929-இல் வந்த முதல் நாவலுக்காக. தமிழில் சொன்னால் ‘அக்கறையற்றவர்கள்’. சிறுவயதில் எலும்பில் காசநோய் வந்து வருஷக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர். பள்ளிக்கூடம் சரியாகப் போகாதவர். 21 வயதில், தன் அப்பாவிடம் 5,000 லிரா வாங்கிச் சொந்தச் செலவில் அச்சிட்டார். ரோம் நகரத்து வீடு ஒன்று, அடமானத்தில் முழுகிக்கொண்டிருக்கிறது. அம்மாவின் காதலன் லியோ, வீட்டின் மேலும் கண் வைத்திருக்கிறான், மகள் கார்லாவின் மேலும் கண் வைத்திருக்கிறான். மகன் மிக்கேலேக்கு எல்லாம் தெரிகிறது. கோபம்தான் வரமாட்டேன் என்கிறது. கோபப்பட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும், கோபப்பட்டவன் எப்படி நிற்பான், என்ன சொல்வான் என்றும் தெரியும். லியோவின் மேல் சாம்பல் கிண்ணத்தை வீசுகிறான், அது போய் அம்மாவின் மேல் படுகிறது. கடைசியில் துப்பாக்கி வாங்கிக்கொண்டு லியோவைக் கொல்லப் போகிறான். போகும் வழியெல்லாம் தன்மேல் நடக்கப்போகும் வழக்கைக் கற்பனை செய்துகொண்டே போகிறான்: நீதிமன்றம், கூட்டம், தன் வாக்குமூலம். லியோ எதிரே நிற்கிறான். விசையை அழுத்துகிறான். குண்டு போட மறந்துவிட்டான்! முதல்முறை படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். இப்போதும் சிரிப்பு வருகிறது, ஆனால் அடியில் வெட்கமும் இருக்கிறது. வழக்கையே மனசுக்குள் நடத்தி முடித்தவன் குண்டை மறக்கிறான். நல்ல கட்டுரை எழுதிவிட்டுக் கையெழுத்து இயக்கத்துக்குக் கையெழுத்துப் போட மறந்த சமாச்சாரங்கள் எனக்கும் உண்டு. மொராவியாவின் இளைஞன் வெறுமையை அழகாக அணிந்துகொண்டு நிற்பதில்லை. அவனுக்கு அது அரிக்கிறது, அசிங்கமாக இருக்கிறது, அதிலிருந்து எப்படியாவது ஓடிவிடப் பார்க்கிறான். கிளேக்கு வெயில் கண்ணாடி பொருந்துவது போல மிக்கேலேக்கு எதுவும் பொருந்துவதில்லை. ஆனால் இங்கேயும் விலை கொடுப்பவள் கார்லா. துப்பாக்கி வெடிக்காத பிறகு அவள் லியோவைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதிக்கிறாள். அம்மாவும் மகளும் வேஷம் போட்டுக்கொண்டு முகமூடி நடனத்துக்குக் கிளம்புகிறார்கள்.

விலை என்று ஆரம்பித்துவிட்டேன், பிரெஞ்சு எழுத்தாளர் பிரான்சுவாஸ் சகானை விட முடியாது. ‘போன்ஷூர் த்ரிஸ்தெஸ்’ (‘வணக்கம், துயரமே’) 1954-இல் வெளிவந்தபோது அவருக்கு 18. பரீட்சையில் தோற்ற கோடையில் எழுதியது. மூத்த எழுத்தாளர் பிரான்சுவா மோரியாக் பத்திரிகையில் அவரை வசீகரமான குட்டி அரக்கி என்கிற பொருளில் எழுத, புத்தகம் எங்கேயோ போய்விட்டது. தென் பிரான்சின் கடலோரம், பங்களா, 17 வயது செசில், பெண்களை மாற்றிக்கொண்டே இருக்கும் அப்பா. அந்த வீட்டுக்குள் ஒழுங்கோடும் அறிவோடும் ஆன் என்கிற பெண் வருகிறாள். அப்பாவைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். தன் சுகவாசம் கெட்டுவிடுமே என்று செசில் ஒரு நாடகம் தயாரிக்கிறாள். அப்பாவும் பழைய காதலியும் ஒன்றாக இருப்பதை ஆன் பார்க்கும்படி ஆகிறது. ஆன் காரை எடுத்துக்கொண்டு போகிறாள். மலைச் சாலை வளைவில் கார் கீழே விழுகிறது. விபத்தா, தற்கொலையா? அந்த வளைவில் அதற்கு முன்பும் கார்கள் விழுந்திருக்கின்றன. விபத்து என்று நம்பிக்கொள்ளும் வசதியை விட்டுப்போனதுதான் ஆன் தங்களுக்குத் தந்த கடைசிப் பரிசு என்று செசிலுக்குத் தோன்றுகிறது. 18 வயதுப் பெண் எழுதிய அந்த இடத்தை நினைத்தால் இன்றைக்கும் கை சில்லிடுகிறது. விருந்து முடிந்து எல்லோர் சாப்பாட்டுக்கும் தானே பணம் கட்டிவிட்டு, பில்லையும் கசக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டாள் ஆன். சகான் இதைத் தெரிந்தே எழுதினார். வேறு யாரையும்விடத் தெளிவாக, எந்த வெறுமைக்கும் யாரோ ஒருவர் பேரில் கணக்கு எழுதப்படுகிறது என்பதை அவர் பார்த்துவிட்டார். பார்த்ததையும் இவ்வளவு அழகான தலைப்பு வைத்து, இவ்வளவு அழகான கடலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். ஓட்டோ பிரெமிங்கர் 1958-இல் இதை வைத்து எடுத்த படத்தில் நிகழ்காலம் கறுப்பு வெள்ளை, அந்தக் கோடைக்காலம் வண்ணம். குற்றம் நடந்த காலத்துக்குத்தான் வண்ணம்.

ஜப்பானில் இஷிஹாரா ஷின்தாரோ 1955-இல் எழுதிய ‘தாயோ நோ கிசெட்சு’ (‘சூரியனின் பருவம்’) கதையில் கணக்கு எண்ணிலேயே வருகிறது. பணக்கார வீட்டுப் பையன், குத்துச்சண்டைக்காரன், தன்னைக் காதலிக்கும் எய்கோவைத் தன் அண்ணனுக்கு 5,000 யென்னுக்கு விற்கிறான். (மொராவியா அச்சுக்குக் கொடுத்ததும் 5,000. நாணயம் வேறு, ஒப்பிட அர்த்தமில்லை. ஆனாலும் இரண்டு எண்ணும் மண்டைக்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டன.) அவள் கருக்கலைப்பில் செத்துப்போகிறாள். அவளுடைய இறுதிச் சடங்கில் ஊதுவத்திக் கிண்ணத்தை எடுத்து அவள் படத்தின் மேலேயே வீசுகிறான், உங்களில் எவருக்கும் ஒன்றும் புரியாது என்று கத்துகிறான். இதை எழுதிய 23 வயது மாணவருக்கு அகுதாகவா இலக்கியப் பரிசு கிடைத்தது. கதை படமானது, ‘சூரியக் கூட்டம்’ என்று ஒரு தலைமுறைக்கே பெயர் வந்தது. அந்தப் படங்கள் கிளப்பிய கூச்சலில் ஜப்பானின் திரைப்படத் தணிக்கை அமைப்பே திருத்தி அமைக்கப்பட்டது. அதே இஷிஹாரா 1999 முதல் 2012 வரை டோக்கியோவின் ஆளுநர். சித்திரக்கதைகளில் ஆபாசத்தைக் கட்டுப்படுத்தும் விதிகளை 2010-இல் கொண்டுவந்தார். 2011-இல் சுனாமி வந்தபோது, ஜப்பானியரின் சுயநலத்துக்கு வந்த தெய்வ தண்டனை என்று பேசி, மறுநாள் மன்னிப்புக் கேட்டார். ஊதுவத்திக் கிண்ணத்தை வீசியவன் வயதாகி எதிர்ப் பக்கம் போய் நின்றுகொண்டான் என்று சொல்லிச் சிரிக்கலாம். எனக்கென்னவோ அவன் பக்கமே மாறவில்லை என்றுதான் படுகிறது. செத்தவர்களைப் பார்த்தபடி தன்னைப் பற்றியும் தன் கருத்தைப் பற்றியும் உரக்கப் பேசுவது, அன்றைக்கும் அதுதான், ஆளுநரான பிறகும் அதுதான்.

அப்படியானால் எனக்கு என்னதான் வேண்டும்? நாவல் நியாயம் பேச வேண்டுமா? ‘லெஸ் தேன் ஜீரோ’ 1987-இல் படமானது. அதில் கிளே நல்லவன். போதையில் அழியும் நண்பன் ஜூலியனைக் காப்பாற்ற அலைகிறான். ராபர்ட் டவுனி ஜூனியர் ஜூலியனாக உயிரைக் கொடுத்து நடித்திருக்கிறார். ஜூலியன் செத்துப்போகிறான், போதை தப்பு என்று தெரிந்துகொண்டு நாம் வீட்டுக்கு வருகிறோம். நாவலின் ஜூலியன் சாவதில்லை, கடனுக்காக உடம்பை விற்றுக்கொண்டு உயிரோடுதான் இருக்கிறான். கிளே நாற்காலியில் உட்கார்ந்து அதையும் பார்க்கிறான். படத்தை அரைமணி நேரத்துக்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை, தவணை முறையில் முடித்தேன். தீர்ப்புச் சொல்லாத நாவலில் சிறுமிக்கு இரண்டு பக்கமாவது இருந்தது. தீர்ப்புச் சொல்லும் படம் அப்படியொருத்தி இருந்ததற்கான அடையாளத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. எல்லிஸ் அந்தக் கதவைத் திறந்து காட்டிவிட்டாவது மூடினார். அந்த அளவில் என் இருபது வருஷப் பேச்சைவிட அவர் நாவல் யோக்கியமானது. இதை ஒப்புக்கொண்டதும் கோபம் இறங்கிப்போகும் என்று நினைத்தேன். இறங்கவில்லை, யார் மேல் என்பது மட்டும் மாறியிருக்கிறது.

போன வாரம் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பென்சிலும் எடுத்துவிட்டேன். நடராஜ் பென்சில், பேத்தியுடையது, முனை புதிதாகச் சீவியது. கிளே முனகும் வரியின் கீழ் கோடு போடலாமா? அது அவனைப் பற்றியது. ரிப்பின் பதிலுக்கா? அதற்கு உலகமே கோடு போட்டுவிட்டது. அறையை வர்ணிக்கும் வரிகளுக்குக் கோடு போடக் கை வரவில்லை. அவளுக்கு ஒரு பெயர் இருந்தால் அதன் கீழ் போட்டிருப்பேன். இரண்டு பக்கத்தையும் விரலால் தடவிக்கொண்டே தேடினேன். எல்லிஸ் வைக்கவில்லை. கூடத்திலிருந்து பேத்தி, பென்சில் எங்கே தாத்தா என்று இரண்டாம் முறையாகக் கேட்டாள். புத்தகத்தை மூடிவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.